சித்தப்பாவைக் கொள்ளாத கார்

எங்கள் வீட்டில் இருந்த ஒன்பது பேரில் ஆங்கிலம் தெரிந்தவள் என்று பெயரெடுத்திருந்தது நான் ஒருத்திதான். அப்போது நான்காம் வகுப்பு. ராசிபுரத்தில் ஆங்கில வழிப் பள்ளிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தேன் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஆனாலும் மாத்திரை அட்டை, கோழித் தீவன மூட்டையின் மேல் அச்சடித்திருப்பது, பாங்கிலிருந்து வரும் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாத சொல்லைத் தெரியாது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பையில் ஒரு குட்டி அகராதி வைத்திருந்தேன். அதிலும் இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆங்கிலப் பத்திரிகையில் கிழித்த விளம்பரம். நாலாக மடித்து மடித்து, மடிப்பு நைந்து போயிருந்தது.

“படி சாமி, உங்கப்பனுக்குக் கேக்கற மாதிரி படி.”

படித்தேன். நன்றாகப் பராமரித்த, குறைந்த தூரமே ஓடிய, வின்டேஜ் டர்போ ஸ்போர்ட்ஸ் கார், ஒரே உரிமையாளர், பெண் ஓட்டியது, விற்பனைக்கு. கீழே சேலம் அஸ்தம்பட்டி விலாசம். வின்டேஜ் என்ற சொல்லில் மட்டும் தடுக்கியது. அகராதியைப் புரட்டினேன். ‘திராட்சை அறுவடை’ என்று போட்டிருந்தது. அதையே கம்பீரமாகச் சொன்னேன்.

அப்பா தறிப்பட்டறையிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். “திராட்சைத் தோட்டத்துல ஓட்டுன வண்டியா? சேறடிச்சுக் கெடக்குமேடா” என்றார்.

“அதெல்லாம் இருக்காதுங்ண்ணா. டாக்டரம்மா வண்டியாமா. சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாம்.”

“எத்தனை பேரு உக்காரலாம்?”

“ரெண்டு பேருங்ண்ணா. பொறத்தால ஒரு கொழந்தை உக்காரலாம்.”

“நாம ஒம்போது பேரு இருக்கறம். ரெண்டு பேரு வண்டியை வெச்சுக்கிட்டு என்னடா பண்றது?”

“ரெண்டு ரெண்டு பேராப் போலாமுங்ண்ணா” என்றார் சித்தப்பா.

வெண்ணந்தூருக்கு வெளியே எங்கள் நிலத்தின் ஒரு கோடியில் அப்பாவின் விசைத்தறிகளும் மறுகோடியில் சித்தப்பாவின் கோழிப்பண்ணையும் இருந்தன. சித்தப்பா ஆறடிக்கு மேல் உயரம். உயரத்துக்கு ஏற்ற தொப்பை. சொந்தமாகச் சம்பாதித்தாலும், ஒரு சட்டைத்துணி எடுப்பதானால்கூட அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்க மாட்டார். எது வாங்கினாலும் விலை பேசுவது அப்பாவின் வேலை. இத்தனைக்கும் அப்பாவுக்கு மொபெட் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. அதையும் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டேதான் ஓட்டுவார்.

மறுநாள் முட்டை வண்டியில் புறப்பட்டோம். ஆங்கிலம் பேச வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதற்காக நான். கிளம்பும் நேரத்தில் சித்தப்பா, “இவளுக்கும் சேலத்துல பல்லு காட்டோணும், அப்படியே வரட்டும்” என்று சித்தியையும் ஏறச் சொன்னார். சித்திக்குப் பல்வலி இருந்தது எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார, நான் சித்தியின் மடியில் உட்கார்ந்தேன்.

சித்தி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. குள்ளமான உருவம். சித்தப்பா பக்கத்தில் நின்றால் தென்னை மரத்தடியில் இறக்கி வைத்த குடம் மாதிரி இருப்பாள். அதிகம் பேச மாட்டாள். நாள் முழுக்க முட்டைகளைப் பெரிது, சிறிது, கீறல் என்று பிரித்து அட்டையில் அடுக்குவாள். அவள் கை போகிற வேகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த வீடு. டாக்டரம்மாவே வந்து கேட்டைத் திறந்தார். அறுபது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஊன்றுகோல். மலேசியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த கார் என்று சொல்லிக்கொண்டே செட்டுக்குக் கூட்டிப்போனார். போர்த்தியிருந்த துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, “இழு பாப்பா” என்றார்.

இழுத்தேன். குங்குமச் சிவப்பில் ஒரு கார், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவ்வளவு தாழ்வான காரை நான் பார்த்ததே இல்லை. அதன் கூரை என் கழுத்து உயரம்கூட இல்லை. பக்கத்துக்கு ஒரே ஒரு கதவு. பின்பக்கம் வெள்ளி எழுத்தில் டர்போ என்று இருந்தது. என் பல் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. ஆனால் முன்பக்கம் விளக்கே இல்லை. “லைட்டைக் காணோமுங்க” என்றேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உள்ளே கையை விட்டு எதையோ அழுத்தினார். காரின் மூக்கில் இரண்டு பக்கமும் மூடி திறந்து, தூங்கி எழுந்த மாதிரி இரண்டு விளக்குகள் மேலே வந்தன. நான் கத்தியே விட்டேன். அப்பாகூட ஓரடி பின்னால் போனார். திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லி ஆறேழு தடவை பார்த்தேன்.

அப்பா அதற்குள் தன் வேலையை ஆரம்பித்துவிட்டார். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்து குனிந்து, சீட்டின் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நகத்தால் கீறினார். “பாவு, ஊடை ரெண்டும் நல்ல நூலு. இத்தனை வருசத்துக்கு ஒரு இழைகூட எந்திரிக்கல” என்று சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்போதே பாதிக் கார் எங்களுடையதாகிவிட்டது.

“இருபது வருஷத்துல இருபத்தோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு” என்றார் டாக்டரம்மா. “எல்லாரும் அதைத்தான் பெருமையாச் சொல்றாங்க. எனக்கு அதுதாங்க வருத்தம். கிளினிக், வீடு, கோயில், மறுபடி கிளினிக். ஒருநாள் நல்லா ஓட்டலாம், ஒருநாள் ஓட்டலாம்னே காலம் போயிருச்சு. இப்ப முட்டி கிளச்சை மிதிக்க விடமாட்டேங்குது. அதனால நான் வெலையைவிட வேற ஒண்ணுதான் முதல்ல கேப்பேன். வாங்குறவங்க என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டணும்.”

“அதுக்கென்னங்க” என்று சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி உள்ளே வந்தார். பெரிய கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறாராம். வாசலில் மேடை போட்டு இந்தக் காரை நிறுத்தி, விளக்குப் போட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கலாமாம். ஏற்றிப்போக லாரியே கொண்டுவந்துவிட்டார்.

“ஓட்ட மாட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“எதுக்குங்கம்மா ஓட்டோணும்? கிலோமீட்டர் ஏறுனா மதிப்புக் கொறஞ்சு போயிருமுங்க.”

டாக்டரம்மா முகம் வாடியது. அவருக்குப் பதில் சொல்லாமல் சித்தப்பாவைப் பார்த்து, “இவங்க முதல்ல வந்தாங்க. இவங்க ஓட்டிட்டா இவங்களுக்கு. இல்லேன்னா உங்க இஷ்டம்” என்றார். மண்டபத்துக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு செட்டின் தூணில் சாய்ந்தார்.

அந்த விளக்குகள் எங்கள் வீட்டில் கண்ணைத் திறக்க வேண்டும், வேறெங்கும் கூடாது.

சித்தப்பா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். தலையை நுழைத்தார். தலை கூரையில் இடித்தது. தலையை எடுத்துவிட்டு இடுப்பை நுழைத்தார். முட்டி ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. தொப்பை மேலும் சிக்கலாக்கியது. “ஐயோ முட்டி, ஐயோ முட்டி” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு கையைப் பிடித்து இழுக்க, கடைசியில் சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து விழுந்தார்.

“ஆவாதுங்ண்ணா” என்றார். “இது என்னைக் கொள்ளாது.”

டாக்டரம்மா, “இருங்க, சீட்டுக்கு அடியில…” என்று ஏதோ ஆரம்பித்தார். சித்தப்பா அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்ற சித்தியைப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டார். மண்டபத்துக்காரர் தூணை விட்டு நிமிர்ந்தார்.

அப்போதுதான் சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு, யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார். “இவ ஓட்டுவா. கல்யாணத்துக்கு முன்ன ஓட்டுனவதான்.”

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்படியாம்மா?” என்றார் டாக்டரம்மா.

“அது ஜீப்புங்க. எங்கப்பாவோட போர் போடற ரிக் வண்டிக்கு டீசல் கொண்டுபோறது. இங்க வந்ததுக்கப்புறம் தொட்டதே இல்லீங்க.” சித்தியின் பார்வை அப்பாவிடம் போய்த் தரையில் இறங்கியது.

ஊருக்குள் பெண்கள் மொபெட் ஓட்டினால்கூடத் தறிப்பட்டறையில் ஒரு வாரம் அதுதான் பேச்சாக இருக்கும். அப்பா மறுபடியும் குனிந்து சீட்டுத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

காரியத்தை நடத்தி வைத்தது மண்டபத்துக்காரர்தான். “பொம்பளைக்கு இந்த வண்டியெல்லாம் எதுக்குங்க?” என்று சிரித்தார்.

இருபது வருஷம் அந்தக் காரை ஓட்டிய அம்மாளை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா நிமிர்ந்துவிட்டார். அவர் அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை.

“எங்க ஊட்டுப் புள்ள ஓட்டுமுங்க” என்றார். சித்தியிடம் திரும்பி, “நீ எடும்மா. பார்த்துப் போ” என்றார்.

“லைசென்ஸ் இருக்குதா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஊட்டுல பீரோவுல…” என்று சித்தி இழுப்பதற்குள் சித்தப்பா சட்டைப் பையில் கையை விட்டு, சித்தியின் லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

“இதெப்படிடா உன்கிட்ட?” என்றார் அப்பா.

“ரேசன் கார்டு எடுக்கறப்ப கூடவே ஒட்டிட்டு வந்துருச்சாட்ட இருக்குதுங்ண்ணா.”

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வர ரேஷன் கார்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல வேளை, சித்தப்பா எதையும் மறக்காத மனுஷர் என்றுதான் நினைத்தேன்.

சித்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். உட்கார்ந்தபோது அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. டாக்டரம்மா குனிந்து, “அடியில ஒரு கம்பி இருக்கு பாரு, அதைத் தூக்கி இழுத்தா சீட்டு முன்னால வரும்” என்றார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அப்போது மாமரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா முன்னால் பக்கத்து சீட்டில் ஏறினார். பின்னால் பலகை மாதிரி இருந்த சின்ன சீட்டில் நான் காலை மடித்து உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் கார் மெல்ல உறுமியது. கேட் தாண்டும்போது நின்றுபோனது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. மண்டபத்துக்காரர் லாரி டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. சித்தியின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

“அவசரமில்ல. கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு” என்றார் டாக்டரம்மா.

மூன்றாவது தடவை கார் நகர்ந்தது. தெருமுனையில் திரும்பி ஏற்காடு சாலையில் ஏறியது. முதலில் மாட்டு வண்டி வேகம்தான். ஸ்கூட்டர்கள் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போயின. ஒரு பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சித்தி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கோரிமேடு வரும்போது கை கொஞ்சம் தளர்ந்தது. கியர் மாற்றும்போது இருந்த உதறல் போயிற்று. முட்டை அடுக்கும்போது போகிற மாதிரி அவள் கை தானாகப் போக ஆரம்பித்தது.

கோரிமேட்டைத் தாண்டியதும் சாலை காலியாக, நேராக, மலையைப் பார்த்து நீண்டது.

“இப்ப மிதி” என்றார் டாக்டரம்மா.

“மிதிச்சுத்தானுங்க இருக்கறேன்.”

“இன்னும்.”

மிதித்தாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்னாலிருந்து பலூனில் காற்று அடைக்கிற மாதிரி ஒரு சீழ்க்கை எழும்பியது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளிவிட்டது போலக் கார் பாய்ந்தது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புளியமரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே மரமாகிப் போயின. நான் “ஓ” என்று கத்தினேன். டாக்டரம்மாவும் கத்தினார். டாஷ்போர்டில் டர்போ என்று எழுதிய வட்டத்துக்குள் ஒரு சின்ன முள் வலது கோடிக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, “இருபது வருஷமா அந்த முள்ளு அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லடி” என்று சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தி சிரித்தது எனக்குக் கண்ணாடியில்தான் தெரிந்தது. பல் அத்தனையும் தெரிந்தது. அதில் எந்தப் பல் வலிக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது.

அடிவாரத்தில் திருப்பிக்கொண்டு வந்தோம். கேட்டுக்குள் ஒரே சீராக ஓட்டிவந்து நிறுத்தினாள். மண்டபத்துக்காரரின் லாரி அதற்குள் திரும்பத் தொடங்கியிருந்தது. அப்பாவும் டாக்டரம்மாவும் உள்ளே போய்க் காபி ஆறுவதற்குள் விலையைப் பேசி முடித்தார்கள். அப்பா வழக்கமாக அரைநாள் பேசுவார். அன்றைக்கு அவருக்குச் சீட்டுத் துணியில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காகிதமெல்லாம் முடித்துக் காரை எடுக்கப் போனோம். சாவியை டாக்டரம்மா சித்தப்பாவிடம் கொடுக்கவில்லை. சித்தியின் கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டார். “வாரம் ஒரு தடவையாவது அந்த முள்ளைக் கோடிக்குக் கொண்டுபோ” என்றார்.

திரும்பும்போது சித்தி காரில், பக்கத்தில் நான். அப்பாவும் சித்தப்பாவும் பின்னால் முட்டை வண்டியில். சீலநாயக்கன்பட்டி தாண்டிப் பெரிய சாலை வந்த பிறகும் சித்தி மெதுவாகவே ஓட்டினாள். கண்ணாடியில் முட்டை வண்டி சிறுத்துப்போனால் இன்னும் மெதுவாக்குவாள். ஒரு இடத்தில் முட்டை வண்டி எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. சித்தப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று வீசினார். அப்பா இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“போலாமா சாமி?” என்று சித்தி என்னைக் கேட்டாள். அவள் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சீழ்க்கை மறுபடி எழும்பியது. மல்லூர் வரைக்கும் நான் கத்திக்கொண்டே வந்தேன்.

வீட்டில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு காரை மூன்று முறை சுற்றுவதற்குள் நான் விளக்குகளைப் பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டிவிட்டேன். கால் மணி கழித்துச் சித்தப்பா வந்து சேர்ந்தார். சித்தி அவர் பக்கத்தில் போய், “ஏனுங்க, கீழ உக்காந்திருந்தாலும் ரோடு பூராத் தெரியுதுங்க” என்றாள். அவர் “அப்படியா” என்றார். அப்பா வந்தவர்களிடமெல்லாம், “என்ன பண்றது, தம்பியை அது கொள்ளல. அந்தப் புள்ளதான் ஓட்டியாகோணும்” என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஊரும் அதை ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய மனுஷர், இவ்வளவு சின்னக் கார், வேறு என்ன செய்ய முடியும்? பாவம் சித்தப்பா, ஆசையாக வாங்கியும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று நானும் வெகுநாள் வருத்தப்பட்டேன்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம். பந்து தேடிக்கொண்டு கார் நிற்கும் செட்டுக்குள் போனேன். கார்க் கதவு திறந்திருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் சித்தப்பா சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடித்து, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. தலைக்கு மேலும் இடம் இருந்தது.

நான் ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். “சித்தி, நம்ம காரு பெருசாயிருச்சு!”

அவள் முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு வந்து பார்த்தாள். அவர் முகத்தில் விழுந்த வெயில் மறையும்படி செட்டின் கதவைப் பாதி சாத்தினாள். “சத்தம் போடாத சாமி, தூங்கட்டும்” என்று என் வாயில் விரலை வைத்தாள்.

புதுச் செருப்பு முதலில் கடிக்கும், போடப் போட விரிந்து கொடுக்கும். காரும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பந்தைத் தேடப் போய்விட்டேன்.